கையெழுத்து மட்டும் போட்ட சிற்றரசரும் நானும்

ராசா இல்லாத அரண்மனையில் வழிகாட்டியாக இருப்பது, மாப்பிள்ளை வராத கலியாண வீட்டில் வந்தவர்களை உபசரிக்கிற மாதிரி. சிரித்த முகத்தோடு வாசலில் நிற்கவேண்டும். "அவர் எங்கே?" என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சொல்வதுபோலப் பதில் சொல்லவேண்டும். ஒரே பேச்சை நாளுக்கு நாலு தரம் பேசிப் பிழைக்கிற ஆசிரியர்களே, வைத்தியசாலை வரவேற்பு மேசைக்காரர்களே, உங்களுக்கு என் தொண்டையின் நிலைமை விளங்கும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நான் இருப்பது கிழக்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர். லைப்சிக் போவதற்கே ரயில் மாறவேண்டும். ஒரு காலத்தில் ஜெர்மன் பேரரசுக்குள் எங்கள் மாகாணம் ஒரு குட்டி நாடாக இருந்தது. அதற்கு ஒரு சிற்றரசர், ஓர் அரசியலமைப்பு, ஒரு சட்டசபை, நான்கு அமைச்சர்கள். சிற்றரசர் கையெழுத்துப் போடாமல் எந்தச் சட்டமும் வராது. பக்கத்தில் அமைச்சரும் கையெழுத்துப் போடாவிட்டால் சிற்றரசரின் கையெழுத்து வெறும் மைக்கோடு. முதலாம் உலகப்போர் முடிந்த கையோடு அவர் முடி துறந்தார், அரண்மனை அரசாங்கத்துக்குப் போனது. நான் அகதியாக வந்து, ஒரு சலவைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் ஹோட்டல் விரிப்புகளை மடித்து, அதையும் மூடிய பிறகு அந்த அரண்மனைக்குள் நுழைந்தேன்.

ஒத்திகை

முதலில் அறைக் காவலர் வேலை. மூலையில் ஒரு கதிரை. யாராவது படத்தைத் தொடப்போனால் எழும்பி, "தயவுசெய்து" என்று சொல்லவேண்டும். இரண்டு வருடம் அந்த ஒரு சொல்லோடு போனது. பிறகு ஒரு வழிகாட்டி வேலையை விட்டுப் போக, வழிகாட்டிகளுக்கெல்லாம் பொறுப்பான ஃப்ரௌ (திருமதி) வெண்ட்லர் என்னைக் கூப்பிட்டார். அறுபதை நெருங்கிய, மெலிந்த, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற மனுஷி. "ஹெர் சிவநேசன், எங்களுடைய சுற்றை நீங்கள் நூறு தரம் கேட்டிருப்பீர்கள். செய்து பாருங்களேன்" என்றார். சுற்றில் சொல்லவேண்டிய பேச்சைப் பதினான்கு பக்கத்தில் தந்தார். மூன்று கிழமை, குளியலறையில்கூட ஜெர்மன் வினைச்சொற்களோடுதான் குளித்தேன்.

ஒத்திகை நாளில் கேட்பதற்கு அவர் ஒருத்தர்தான். வரவேற்பு மண்டபம், சாப்பாட்டு மண்டபம் எல்லாம் நன்றாகத்தான் போனது. சிற்றரசர் சட்டங்களுக்கு ஒப்பமிட்ட கையெழுத்து அறைக்கு வந்ததும் பயத்தில் பாடம் மறந்துவிட்டது. மேசையைக் காட்டி, "இந்த மனிதருக்கு ஒன்றுமே செய்ய உரிமை இருக்கவில்லை" என்று சொல்லி முடித்துவிட்டேன். ஃப்ரௌ வெண்ட்லர் கண்ணாடியைக் கழற்றினார். "பிழை. அவருக்கு எல்லாம் செய்ய உரிமை இருந்தது. தனியாகச் செய்யத்தான் உரிமை இருக்கவில்லை. உங்களுக்குக் கலியாணமாகி எத்தனை வருடம்?" இருபத்தாறு என்றேன். அவர் பதினான்கு பக்கத்தையும் என் கையிலிருந்து திருப்பி வாங்கிக்கொண்டு சொன்னார்: "பிறகு எதற்கு இதைப் பாடமாக்கிக் கஷ்டப்பட்டீர்கள்?"

தொப்பி

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வந்தால் முதல் கேள்வி கிரீடம் எங்கே என்பதுதான். எங்கள் சிற்றரசருக்குக் கிரீடமே இருக்கவில்லை, ஒரு இறகு வைத்த தொப்பிதான். அதைச் சொன்னவுடன் இருபது முகங்களும் ஒன்றாக வாடும். ஏமாற்றத்தைத் தீர்க்க நான் ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். ஒரு பிள்ளைக்குத் தொப்பியைப் போட்டு (அசல் இல்லை, கடையில் வாங்கினது) சிற்றரசராக இருத்துவேன். இன்னொரு பிள்ளை அமைச்சர். மற்றவர்கள் சட்டசபை.

ஒருநாள் சட்டசபை ஏகமனதாக ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது: இனி ஒருவருக்கும் வீட்டுப்பாடம் கிடையாது. சிற்றரசராக இருந்த பெடியன் கண் மூடித் திறப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டான். அமைச்சராக இருந்த சின்னப் பெண், இரட்டைப் பின்னல், முன்பல் இரண்டு இல்லை, பேனாவைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். எல்லோரும் கத்துகிறார்கள். அவள் மூலையில் நின்ற ஆசிரியையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், பேனாவை மூடி வைத்தாள். ஏன் போடவில்லை என்று கேட்டேன். அமைச்சர் பொறுப்பு என்பதை விளக்கப் பதினான்கு பக்கத்தில் ஒரு முழுப்பக்கம் இருந்தது. அவள் ஒரு வரியில் முடித்தாள்: "நான் போட்டால் ஏச்சு எனக்கு விழும், அவனுக்குத் தொப்பி மட்டும்தான் விழும்."

லாச்சி

எங்கள் சிற்றரசரின் கதையில் எல்லோரும் விரும்பிக் கேட்கிறது மேசை லாச்சிக் கதை. அவரிடம் ஒன்பது வேட்டை நாய்கள். சட்டசபை, நாய் வளர்ப்பவர்கள் வரி கட்டவேண்டும் என்கிற நாய் வரிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி அனுப்பியது. அவர் மாட்டேன் என்று எழுதவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. மேசையின் இடதுபக்க லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேட்டைக்குப் போய்விட்டார். பதினொரு மாதம் அது அங்கேயே கிடந்தது. கடைசியில் நான்கு அமைச்சர்களும் ஒன்றாக வந்து, நாங்கள் வீட்டுக்குப் போகிறோம் என்றார்கள். அன்றைக்கே போட்டுவிட்டார்.

ஆஹென் நகரத்தில் பொறியியல் படிக்கிற மூன்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை வந்திருந்தார்கள். லாச்சி என்று சொன்னவுடனே ஒருவன் மற்றவனைப் பார்த்தான், மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம். "என்னப்பா, நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ?" என்று தமிழில் கேட்டேன். "ஐயோ இல்லண்ணா. எங்க ஸ்டேட்லயும் அசெம்ப்ளி பாஸ் பண்ணி கவர்னருக்கு அனுப்புவாங்க. ஃபைல் போகும், உட்காரும், டீவியில டெய்லி அதுதான் நியூஸ். நீங்க டிராயர்ல வெச்சுப் பூட்டிட்டார்னு சொன்னதும் சிரிப்பு தாங்கல" என்றான் கார்த்திக் என்ற உயரமான பிள்ளை.

கூட்டத்தில் இருந்த ஒரு ஜெர்மன் முதிய பெண், நாங்கள் என்ன பேசுகிறோம் என்று கேட்டார். கார்த்திக் தன் புது ஜெர்மனில், ஒவ்வொரு வினைச்சொல்லையும் வசனத்தின் கடைசிக்குத் தள்ளிக்கொண்டுபோய் விளக்கினான். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு கயிறு கட்டிய மேசையைப் பார்த்தார், திரும்பி அவனைப் பார்த்தார். "அப்படியா? உங்கள் ஊரில் அதை இன்னும் அருங்காட்சியகத்தில் வைக்கவில்லையா?"

முழுக்கதை கேட்டவ

என் மனைவி வசந்தியின் தமக்கை சறோஜா அக்கா கனடாவிலிருந்து வந்தபோது, அத்தானையும் அவவையும் ஒரு சுற்றுக்குச் சேர்த்துக்கொண்டேன். அது நான் செய்த பிழை. ஒவ்வொரு அறையிலும் அக்கா எனக்கு மேலால் கதைத்தார். "உங்கட ராசா போய் நூறு வருசமாச்சு. எங்களுக்கு ராசா இப்பவும் இருக்கிறார் தெரியுமோ? ஒவ்வொரு மாகாணத்துக்கும் அவரின்ர இடத்தில ஒரு ஆள். சட்டம் பாஸானா அந்த ஆள்தான் கையெழுத்து" என்று அவர் தமிழில் முழங்க, ஜெர்மன் கூட்டம் மரியாதையாக அவரைப் பார்த்து நின்றது. அவர்தான் புது வழிகாட்டி என்று யாரோ நினைத்திருக்கவேண்டும்.

கையெழுத்து அறையில் கூட்டம் கலைந்தபிறகு அக்கா தன் கதையைச் சொன்னார். அவருடைய முதியோர் சங்கத்தின் புது மண்டபத்தைத் திறந்துவைக்க ராசாவின் பிரதிநிதியாக ஒரு பெண்மணி வந்தாராம். அக்காவின் வடைதான் அன்றைய சிற்றுண்டி. பக்கத்துக் கதிரை கிடைத்தவுடன் அக்கா விஷயத்துக்கு வந்துவிட்டார். மண்டபத்துக்கு முன்னால் நின்ற பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், பனிக்குள் நடை வண்டியைத் தள்ளிக்கொண்டு இருபது நிமிடம் நடக்கவேண்டும், போன மாதம் ஒரு மனுஷி விழுந்து இடுப்பு முறிந்தது. அந்தப் பெண்மணி வடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம். தெருவின் பெயரை இரண்டு தரம் திருப்பிக் கேட்டாராம். விழுந்த மனுஷிக்கு இப்போது எப்படி என்று விசாரித்தாராம்.

"வீட்ட வரேக்கைதான் நான் சொன்னன், அவவுக்குப் பஸ் விட அதிகாரம் இல்லையெண்டு" என்றார் அத்தான். பஸ் இன்றுவரைக்கும் வரவில்லை. "ஏமாற்றமா இருக்கேல்லையோ அக்கா?" என்று கேட்டேன். அக்கா கைப்பையை மூடினார். "அதிகாரம் உள்ளவை மூண்டு பேருக்குக் கடிதம் போட்டன், ஒருத்தரும் பதில் போடேல்லை. அதிகாரம் இல்லாதவதான் தம்பி முழுக்கதையும் கேட்டவ."

எட்டு மாதம்

வுப்பர்டாலில் இருக்கிற கனகராசா அண்ணையும் நானும் முதல் வருடங்களில் ஒரே அகதி விடுதியில் இருந்தவர்கள். அவருடைய மகள் தர்சினி லைப்சிக்கில் வைத்தியர். ஒருநாள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "மாமா, இங்க ஒரு ஆய்வுகூடத்தில வேலை செய்யிற ஒருத்தரை எனக்குப் பிடிச்சிருக்கு. தமிழ்நாட்டுக்காரர், சேர்ச்சுக்குப் போற வேதக்காரர், ஜெபராஜ் எண்டு பேர். அப்பாட்டைச் சொல்லி எட்டு மாசமாகுது. ஓம் எண்டும் சொல்லுறார் இல்லை, ஏலாது எண்டும் சொல்லுறார் இல்லை. அந்தக் கதையை எடுத்தாலே எழும்பிப்போய்த் தோட்டத்துக்குத் தண்ணி விடுறார். மழை பெய்தாலும் விடுறார்." அடுத்த மாதம் தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு அரண்மனை பார்க்க வருவதாகச் சொன்னாள். ஜெபராஜும் வருவார், ஆனால் வெளியில் நிற்பார், அப்பா கூப்பிட்டால்தான் உள்ளே.

அன்றைக்கு லாச்சிக் கதையை வழமையைவிடக் கொஞ்சம் நீட்டித்தான் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். கனகராசா அண்ணை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையையே பார்த்தார். "அந்த அமைச்சர்மார் உண்மையா விட்டிட்டுப் போயிருப்பினமோ?" என்று கேட்டார். "போயிருப்பினம் அண்ணை. சனமும் அவையளோடதான் நிண்டது. பிறகு இவர் தனிய இருந்து ஆரை ஆளுறது?" என்றேன். அவர் மனைவி பவளம் அக்கா அவர் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நான் ஒரு இடமும் போகமாட்டனப்பா. எங்க போறது? ஆனா பிள்ளை போயிடும்."

தர்சினி சுவரில் இருந்த படத்தைப் பார்ப்பதுபோல நின்றாள். அண்ணை யன்னலடிக்குப் போனார். கீழே வாசல் கதவுக்கு வெளியே, தூறலுக்குள், ஒரு மெலிந்த இளைஞன் குடையும் பிடிக்காமல் மேலே பார்த்தபடி நின்றான். குடை கையில்தான் இருந்தது. விரிக்க மறந்துவிட்டான் போல. "ஆர் அது?" என்றார் அண்ணை. அவர் படியால் இறங்கத் தொடங்கினார். நாங்கள் மூன்று பேரும் பின்னால்.

வாசலில் அண்ணை அவனுக்கு நேரே போய் நின்றார். "வணக்கம் சார்" என்றான் ஜெபராஜ். "எப்ப வந்தனீர்?" "காலையில எட்டு மணிக்கு சார்." மணி பன்னிரண்டு. "சாப்பிட்டீரோ?" "இல்ல சார்." அண்ணை அவனுடைய குடையை வாங்கி, விரித்து, அவனிடமே திருப்பிக் கொடுத்தார். "பவளம், காருக்குள்ள இருக்கிற புட்டுப் பார்சலை எடும்" என்றார். பவளம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதடியில் சொன்னார்: "தம்பி, கையெழுத்து விழுந்திட்டுது."

பச்சைக் கோப்பு

ஜெர்மன் குடியுரிமை கிடைக்க எனக்கு மற்றவர்களைவிட அதிக காலம் எடுத்தது. பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. அதற்கு மாற்றுப் பிரதி, அந்தப் பிரதிக்கு மொழிபெயர்ப்பு, அன்ட்ராக் மேல் அன்ட்ராக் என்று விண்ணப்பங்கள், டெர்மினுக்கு மேல் டெர்மின் என்று சந்திப்பு நேரங்கள். கடைசியில் வந்த அழைப்பிதழில், புதிய குடிமக்களை வரவேற்கும் விழா எங்கள் அரண்மனையின் பெரிய மண்டபத்தில் என்று இருந்தது. ஆகவே காலையில் நானே கதிரைகளை அடுக்கினேன். மதியம் சட்டை மாற்றி அவற்றில் ஒன்றில் இருந்தேன். மாவட்ட நிர்வாகத் தலைவர் கை குலுக்கி, ஆளுக்கொரு பச்சைக் கோப்பைத் தந்து, இன்னொரு கூட்டம் இருக்கிறது என்று அவசரமாகப் புறப்பட்டார்.

வசந்தி படமெடுக்கவேண்டும் என்றாள். கோப்பைத் திறந்தேன். என் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தது, அதுவே அதிசயம். முத்திரை இருந்தது. கையெழுத்துப் போடும் கோடும் இருந்தது. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. கையெழுத்து இல்லாத தாள் என்னவென்று அந்தக் கட்டடத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் கோப்பை என் கையிலிருந்து பறித்தார். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து மூன்று மாதம்கூட ஆகாத ஃப்ரௌ வெண்ட்லர், கூழாங்கல் முற்றத்தில் ஓடினார். தலைவரின் கார் நகரத் தொடங்கிவிட்டது. அவர் நேராகப் போய் அதன் முன்னால் நின்றார்.

காரின் முன்மூடிமேல் வைத்துத்தான் தலைவர் கையெழுத்துப் போட்டார். முகம் சிவந்து மூன்று தரம் மன்னிப்புக் கேட்டார். நான் அருகில் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. ஃப்ரௌ வெண்ட்லர் வாசல் படியில் இருந்துகொண்டு முழங்காலைத் தடவிக்கொண்டு, மூச்சு வாங்கிச் சொன்னார்: "இருபது வருடமாக இந்தக் கையெழுத்துக் கதையைச் சொல்கிறேன், இன்றைக்குத்தான் அதற்காக ஓடியிருக்கிறேன்."

மழைச்சட்டைக்காரர்

ஒரு நவம்பர் மாதம், கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை. எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், மஞ்சள் மழைச்சட்டை, முதியோர் நுழைவுச்சீட்டு. அவர் மட்டும்தான் என்றபடியால் நானும் சுதந்திரமாகக் கதைத்தேன். பதினான்கு பக்கத்தில் இல்லாததெல்லாம் வந்தது. சிற்றரசர் பிடிவாதக்காரர், நாய்களில் வைத்த அன்பைப் பிள்ளைகளில் வைக்கவில்லை, சட்டசபைத் தொடக்க உரையை அமைச்சர்கள் எழுதிக் கொடுக்க, அதை எழுத்துக்கூட்டி வாசிப்பார் என்று. மழைச்சட்டைக்காரர் தலையாட்டிக்கொண்டே வந்தார். சிற்றரசரின் குடும்பப் படத்துக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் நேரமெடுத்தார். அப்போதுதான் கவனித்தேன். படத்தில் இருந்தவருக்கும் எனக்குப் பக்கத்தில் நின்றவருக்கும் ஒரே மூக்கு.

"நீங்கள்..." என்று தொடங்கினேன். "கொள்ளுப்பேரன்" என்றார். எனக்கு அந்தக் கம்பளத்துக்குக் கீழே போய்விடலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "எதற்கு? நாய் விஷயத்தில் என் பாட்டா உங்களைவிட மோசமாகச் சொல்லுவார்" என்று சிரித்தார். அரண்மனையைத் திருப்பிக் கேட்க வரவில்லை, வீட்டில் மனைவி தூசு தட்டுகிறார், அதனால் வந்தேன் என்றார். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஓய்வுபெற்ற பல் வைத்தியர், நகரத்துக்கு வெளியே ஒரு சின்னத் தோட்டம் இருக்கிறதாம், அங்கே தோட்டக்காரர் சங்கத்தின் தலைவராம்.

"அதிகாரமுள்ள பதவியா?" என்று ஒரு துணிவில் கேட்டுவிட்டேன். வேலியின் உயரத்தைத் தீர்மானிப்பதாகச் சொன்னார், ஆனால் செயலாளரும் கையெழுத்துப் போடவேண்டுமாம். வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். மழைச்சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, அந்த மூக்கை உயர்த்தி, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "எங்கள் பரம்பரையில் தேர்தலில் வென்ற முதல் ஆள் நான்தான்."

இப்படியாக, ஆள முடியாத ஒரு மனிதரைப் பற்றிப் பேசிப் பேசியே நான் இந்த நாட்டில் ஓர் ஆளாகிவிட்டேன்.